சான்று எங்கே என்னும் கேள்வி: விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் நீக்கப்படுவதன் பின்னணி

தமிழ் விக்கிப்பீடியாவில் முதன்முறையாக எழுத வருபவர் பெரும்பாலும் தமக்கு நெருக்கமான ஒன்றைப் பற்றியே எழுதத் தொடங்குகிறார். சொந்த ஊர், ஊர்க் கோயில், தாம் படித்த பள்ளி, தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர், ஒரே ஒரு கவிதைத் தொகுப்பை வெளியிட்டுவிட்டு மறைந்துபோன உள்ளூர்க் கவிஞர் என்று அந்த வரிசை நீளும். இரவு வெகுநேரம் விழித்திருந்து எழுதிச் சேமித்த கட்டுரை மறுநாள் அங்கே இருப்பதில்லை. பக்கம் நீக்கப்பட்டது என்னும் அறிவிப்பும், அதன் அருகே இரண்டு மூன்று சொற்களில் ஒரு காரணமும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. எழுதியவர் அதைத் தம் ஆசிரியருக்கும் தம் ஊருக்கும் நேர்ந்த அவமதிப்பாகவே எடுத்துக்கொள்கிறார். பலர் அதன்பின் திரும்பி வருவதே இல்லை. எழுத ஆள் தேடிக்கொண்டிருக்கும் ஒரு மொழிக்கு இது சிறிய இழப்பு அல்ல. ஆகவே, ஒரு கட்டுரை நீக்கப்படும்போது உண்மையில் எது எடைபோடப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்வது அவசியமாகிறது.

நீக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் வெவ்வேறு தன்மையுள்ள மூன்று செயல்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது மீளமைத்தல். ஒருவர் சேர்த்த வரிகளை மற்றொருவர் எடுத்துவிட்டுப் பக்கத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுபோவது இது. இதைச் செய்யத் தனி அதிகாரம் எதுவும் தேவையில்லை, எடுக்கப்பட்ட வரிகளும் பக்கத்தின் வரலாற்றில் எவரும் படிக்கும்படி அப்படியே இருக்கும். இரண்டாவது, பக்கம் முழுவதையும் நீக்குதல். இதை நிருவாகிகள் மட்டுமே செய்ய முடியும். நீக்கப்பட்ட பக்கம் பொதுப் பார்வையிலிருந்து மறைகிறதே தவிர தளத்தின் தரவுகளைச் சேமித்துவைக்கும் வழங்கிக் கணினியிலிருந்து அழிவதில்லை, நிருவாகிகள் அதைப் பார்க்கவும் மீட்கவும் இயலும். மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு திருத்தத்தை மட்டும் மறைத்தல். ஒருவருடைய தொலைபேசி எண்ணோ வீட்டு முகவரியோ கடுமையான அவதூறோ எழுதப்பட்டிருந்தால் இது பயன்படுகிறது. இந்த நிருவாகிகள், விக்கிப்பீடியா தளத்தை நடத்தும், சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஊழியர்கள் அல்லர். அந்தந்த மொழியில் எழுதிவரும் பயனர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்த தன்னார்வலர்கள். எந்தக் கட்டுரை இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதில் அறக்கட்டளை மிக அரிதாகவே தலையிடுகிறது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் நூப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். துறை வல்லுநர்கள் எழுதி, ஏழு கட்டப் பரிசீலனையைக் கடந்த பிறகே ஒரு கட்டுரை வெளியாகும் என்பது அதன் நெறி. 2003இல் மூடப்படும்வரை அந்தப் பரிசீலனை முழுவதையும் கடந்து வந்தவை 25 கட்டுரைகள் மட்டுமே. அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15 அன்று தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா, இந்த நெறியைத் தலைகீழாக்கியது: எவரிடமும் அனுமதி கேட்காமல் எவரும் எழுதி வெளியிடலாம், சரிபார்ப்பது வெளியான பிறகு நடக்கும். நுழைவாயிலில் காவல் இல்லாத காரணத்தால்தான் உள்ளே வந்தபின் நீக்க வேண்டியிருக்கிறது. இதழ் ஒன்றுக்கு அனுப்பித் திரும்பிவந்த கட்டுரையைப் பற்றி அனுப்பியவருக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே தெரியும். விக்கிப்பீடியாவிலோ அதே மறுப்பு ஊரறிய நடக்கிறது. புண்படுதலில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலிருந்து வருகிறது என்பது என் கருத்து.

வல்லுநர் எவரும் முன்நின்று பொறுப்பேற்காத இடத்தில், வாசகர் எதை நம்பிப் படிப்பது? இந்தக் கேள்விக்கு விடையாக வளர்ந்தவையே மெய்யறிதன்மை, நடுநிலை நோக்கு, சொந்த ஆய்வைத் தவிர்த்தல் என்னும் மூன்று அடிப்படை நெறிகள். எழுதப்பட்டது உண்மையா என்று இந்நெறிகள் நேரடியாகக் கேட்பதில்லை. எழுதியவரை முன்பின் அறியாத வாசகர் ஒருவர் அதைத் தாமே சரிபார்க்க முடியுமா என்றுதான் கேட்கின்றன. இந்த நுட்பமான வேறுபாடு பலருக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. வயல்வெளியில் கிடந்த ஒரு கல்வெட்டைக் கண்டுபிடித்துப் படித்தறிந்த ஆய்வாளர், தம் வாசிப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும், அதை முதன்முதலாக விக்கிப்பீடியாவில் வெளியிட முடியாது. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ போன்ற ஓர் ஆய்விதழில் அது வெளியாகி, அத்துறையினர் அதைப் பார்த்த பிறகே, அந்த இதழைச் சான்றாகக் காட்டி இங்கே எழுதலாம். அறிந்தவர் அறிந்ததைச் சொல்லத் தடையா என்று அவர் கேட்பது நியாயமே; ஆனால் அவருக்கு விலக்கு அளித்தால், குமரிக் கண்டத்தின் வரைபடத்தைத் தாமே வரைந்து கொண்டுவருபவருக்கும் அதே விலக்கை அளிக்க வேண்டிவரும். இருவரையும் பிரித்தறிய, எழுதுபவரின் பயனர் பெயரை மட்டுமே அறிந்த தன்னார்வலர்களிடம் வேறு கருவி இல்லை.

நீக்கங்களில் விவாதத்துக்கு மிகக் குறைந்த இடமுள்ளது பதிப்புரிமை மீறல். நாளிதழ்ச் செய்தி, கோயில் தலவரலாற்று நூல், பாடநூல் ஆகியவற்றிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டப்பட்டவை கண்டவுடன் நீக்கப்படும். எடுத்த இடத்தின் பெயரைக் கீழே குறிப்பிட்டாலும் நகல் நகல்தான். உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருந்தாலும்கூட அது போதாமல் போகலாம். விக்கிப்பீடியாவின் உரை படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தின்கீழ் வெளியாகிறது. அந்த உரிமம் யார் வேண்டுமானாலும், வணிக நோக்கத்துக்கும், அந்த உரையை எடுத்தாளலாம் என்கிறது. ஆகவே ‘கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று நல்லெண்ணத்துடன் தரப்படும் அனுமதி இங்கே செல்லுபடியாவதில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளும், இலங்கைச் சட்டப்படி 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது. 1921இல் மறைந்த பாரதியாரின் கவிதைகள் எவருக்கும் உரியவை. எனினும் முழு நூல்களுக்கான இடம் விக்கிப்பீடியாவின் துணைத் தளமான விக்கிமூலம், கலைக்களஞ்சியக் கட்டுரை அன்று. பிறருடைய உழைப்பை அப்படியே எடுத்துவைத்துவிட்டு நீக்கியவர்மீது வருந்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மனக்கசப்பு உண்மையில் மிகுதியாக எழுவது ‘குறிப்பிடத்தக்கமை’ என்னும் நெறியைச் சுற்றித்தான். ஒருவரைப் பற்றியோ ஒன்றைப் பற்றியோ தனிக் கட்டுரை அமைய வேண்டுமானால், அவரோடு தொடர்பில்லாத, நம்பத்தகுந்த வெளியீடுகள் அவரைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஒருவருடைய சிறப்பையோ தகுதியையோ அளப்பது இதன் வேலை அன்று. அவரைப் பற்றி நடுநிலையாக ஒரு பக்கம் எழுதுவதற்குரிய மூலப்பொருள் உலகில் கிடைக்கிறதா என்பதையே இது பார்க்கிறது. ஆனால் ‘குறிப்பிடத்தக்கவர் அல்லர்’ என்று நீக்கற்குறிப்பில் எழுதும்போது, அதைப் படிப்பவருக்கு அது ஒரு மனிதரின் வாழ்க்கைமீது வழங்கப்பட்ட தீர்ப்பாகவே ஒலிக்கிறது.

இந்த நெறி எவ்வளவு தவறாகக் கையாளப்படலாம் என்பதை உலகம் முழுவதும் அறிந்த ஒரு நிகழ்வு 2018இல் நடந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்டைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு எழுதப்பட்ட வரைவு அந்த ஆண்டு மே மாதம் மறுக்கப்பட்டது. காட்டப்பட்டுள்ள சான்றுகள் அவர் தனிக் கட்டுரைக்கு உரியவர் என்பதை நிறுவவில்லை என்பது கூறப்பட்ட காரணம். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இயற்பியலுக்கான நோபல் பரிசை ஒரு பெண் பெறுவது 55 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல்முறை. அவரோடு சேர்ந்து அதே ஆய்வுக்காகப் பரிசு பெற்ற ஜெரார் மூரூவுக்கு 2005இலிருந்தே கட்டுரை இருந்தது. இந்தச் செய்தி பரவியபோது பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விவரமும் உண்டு: 2014இலேயே ஸ்டிரிக்லண்டைப் பற்றி ஒரு பக்கம் உருவாக்கப்பட்டு, வேறொரு தளத்திலிருந்து நகலெடுத்த உரை என்பதால் நீக்கப்பட்டிருந்தது. ஆக, ஒரே மனிதரைப் பற்றிய இரண்டு முயற்சிகள் முற்றிலும் வேறான இரண்டு காரணங்களால் தோற்றன. முதலாவது நீக்கம் சரி, இரண்டாவது மறுப்பு தவறு.

தவறு என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்வியாளர்களுக்கென ஆங்கில விக்கிப்பீடியா தனியாக வகுத்துள்ள அளவுகோலின்படி, மதிப்புமிக்க அறிவியல் கழகமொன்றின் தலைமைப் பொறுப்பை வகித்தவர் தகுதி பெறுகிறார். ஸ்டிரிக்லண்டு அமெரிக்க ஒளியியல் கழகத்தின் தலைவராக 2013இல் இருந்தவர். அப்போது விக்கிமீடியா அறக்கட்டளையின் செயல் இயக்குநராக இருந்த கேத்தரின் மார், உலகின் பாகுபாட்டையே விக்கிப்பீடியா காட்டுகிறது, அதை உருவாக்கவில்லை என்று விளக்கம் அளித்தார். அதில் பாதி உண்மை இருக்கிறது. இதழாளர்கள் பெண் அறிவியலாளர்களைப் பற்றி எழுதாதவரை அவர்களைப் பற்றிய சான்றுகள் குறைவாகவே கிடைக்கும். ஆனால் கையிலிருந்த விதியையே சரிபார்க்காமல் மறுத்த ஒரு கைக்கும் அதில் பங்கு உண்டு என்பது மற்றொரு பாதி.

சான்றுகளின் பற்றாக்குறை ஆங்கிலத்தைவிடத் தமிழில் பல மடங்கு கூர்மையாக உணரப்படுகிறது. நம்முடைய இலக்கிய விவாதங்களில் கணிசமான பகுதி சிறுபத்திரிகைகளில் நடந்தது. அவற்றில் பெரும்பாலானவை சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டு, எவர் வீட்டுப் பரணிலோ மட்கிக்கொண்டிருக்கின்றன. நாடகக் கலைஞர்களைப் பற்றி, நாதசுரக் கலைஞர்களைப் பற்றி, தொழிற்சங்கத் தலைவர்களைப் பற்றி அவர்களுடைய காலத்து இதழ்கள் எழுதின, அவை எண்மமாக்கப்படவில்லை. இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டியிருக்கிறது. சான்று என்றால் இணைய இணைப்பு என்று பலர் கருதிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு விதி விக்கிப்பீடியாவில் இல்லை. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைத் தந்தால், அந்த நூல் ஏதேனும் ஒரு நூலகத்தில் எவருக்கும் கிடைக்கக்கூடியதாக இருக்கும்வரை, அது முழுமையான சான்றே. சென்னையில் 1994இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சேகரிப்பில் இருக்கும் ஒரு பழைய இதழ், கூகுள் தேடலில் அகப்படும் நூறு இணைப்புகளைவிட வலுவானது. நீக்கத்துக்குப் பரிந்துரைக்கும் பயனர்களிலும் சிலர் இணையத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்பதையே காரணமாக எழுதுகிறார்கள். தமிழைப் பொறுத்தவரை அது போதிய காரணம் ஆகாது.

ஈழத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் வலி மிகுந்தது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அவற்றோடு, எத்தனையோ ஊர்களின், மனிதர்களின், அமைப்புகளின் சான்றுகளும் போயின. போரும் இடப்பெயர்வும் எஞ்சிய வீட்டு நூலகங்களையும் சிதைத்தன. அத்தகைய ஒரு சமூகத்திடம் அச்சிட்ட சான்று எங்கே என்று கேட்பது நெறிப்படி சரியாக இருந்தாலும், கேட்கும் குரலில் அந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். இதற்கு ஈழத் தமிழர்களே கண்ட விடை போற்றுதலுக்குரியது. 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் பக்கம் பக்கமாக வருடி எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது அதற்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த இ. மயூரநாதன்; கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் வழங்கும் இயல் விருது 2015ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்டது. இரண்டு முயற்சிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, எழுதுவதும் எழுதியதற்குச் சான்றைத் திரட்டுவதும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்பது தெளிவாகிறது.

எழுத்தில் பதிவாகாமல் வாய்மொழியாக மட்டுமே வாழும் அறிவை என்ன செய்வது? 2011இல் ஆய்வாளர் அச்சல் பிரபாலா, விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவுடன், இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழிச் சான்றுகளைப் பற்றிய ஒரு முயற்சியை மேற்கொண்டார். நாட்டுப்புற விளையாட்டு, சடங்கு, உணவு போன்றவற்றை அறிந்தவர்களை நேரில் கண்டு, உரையாடலை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே சான்றாகக் காட்டி மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வட சோத்தோ ஆகிய மொழி விக்கிப்பீடியாக்களில் கட்டுரைகள் எழுதப்பட்டன. ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்த முறை ஏற்கப்படவில்லை. கேள்வி கேட்டவரும், பதிவுசெய்தவரும், கட்டுரை எழுதியவரும் ஒருவரே என்றால் அது சொந்த ஆய்வுதான் என்னும் மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், பல்லாங்குழியின் வட்டார ஆட்டமுறைகளும் மீனவர்களின் காற்றுப் பெயர்களும் எவரேனும் ஆய்வேடு எழுதும்வரை இல்லாதவை ஆகிவிடும். நடைமுறையில் எனக்குத் தெரியும் நல்ல வழி, இடையில் ஒரு படியைச் சேர்ப்பதுதான். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்றவை இத்தகைய களப்பணியை நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. உள்ளூர்க் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் தங்கள் மாணவர்களின் களத் தரவுகளைச் சரிபார்த்து வெளியிட்டாலே பல நூறு கட்டுரைகளுக்கு அடிப்படை கிடைத்துவிடும்.

சான்று இருந்தும் நீக்கப்படும் பகுதிகளும் உண்டு. சாதி வரலாறு அவற்றுள் முதலிடம் பெறுகிறது. ஒவ்வொரு சாதியையும் ஓர் அரச மரபோடு இணைக்கும் வரிகள் இடைவிடாமல் சேர்க்கப்படுவதும் எடுக்கப்படுவதுமாக இருக்கும் பக்கங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏராளம். இவற்றுக்குக் காட்டப்படும் நூல்கள் பெரும்பாலும் அந்தந்தச் சாதிச் சங்கத்தினரே வெளியிட்டவை என்பதால் அவை சார்பற்ற சான்றுகள் ஆவதில்லை. மற்றொரு வகை, காலனியக் காலத்து இனவரைவியல் நூல்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூல் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவின் பயனர்கள் அதைப் பொதுவாக ஏற்பதில்லை. மூக்கின் அகலத்தை அளந்து மக்களை வகைப்படுத்திய காலத்தின் நூல் அது. சொல்லக் கேட்டதைச் சரிபார்க்காமல் அச்சேற்றியதும் அதில் நிறைய உண்டு. தெற்காசியச் சமூகக் குழுக்கள் பற்றிய பக்கங்களில் தொல்லை மிகுந்ததால், 2012இலிருந்து அவற்றுக்கெனத் தனிக் கட்டுப்பாடுகளே அங்கு நடைமுறையில் உள்ளன. தம் சாதியின் பெருமையை எடுத்துவிட்டார்கள் என்று புகார் கூறுபவர் அடுத்த சாதியின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அங்கும் அதே கத்தரிக்கோல் சென்றிருப்பதைக் காணலாம்.

வாழும் மனிதர்களைப் பற்றிய கட்டுரைகளில் கண்டிப்பு மேலும் மிகுந்ததற்கு ஒரு குறிப்பிட்ட நிகழ்வு காரணமாயிற்று. 2005 மே மாதம், அமெரிக்க இதழாளர் ஜான் சீகந்தாலரின் பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று ஒருவர் பெயரில்லாமல் எழுதிவிட்டுப் போனார். அந்தப் பொய் நான்கு மாதங்களுக்கு மேல் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. நவம்பர் இறுதியில் சீகந்தாலர் இதைப் பற்றி நாளிதழில் எழுதினார். டிசம்பரில், கணக்கு இல்லாதவர்கள் புதிய பக்கங்களைத் தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா நிறுத்தியது. வாழும் மனிதர்களுக்கான தனிக் கொள்கையும் அம்மாதமே உருவாயிற்று. உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிய, சான்றில்லாத, சர்ச்சைக்குரிய வரியை விவாதத்துக்குக் காத்திராமல் உடனே எடுத்துவிடலாம் என்பது அதன் மையக் கருத்து. அரசியல்வாதிகள், திரைக் கலைஞர்கள் பக்கங்களில் இந்த வகை நீக்கமே மிகுதி, அது தேவையானதும்கூட. தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொள்வதும் நிறுவனங்கள் தங்கள் விளம்பர வாசகங்களைக் கட்டுரையாக்குவதும் நலமுரண் என்னும் தலைப்பில் வருகின்றன. அவற்றைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகம் இல்லை.

இயந்திர மொழிபெயர்ப்பு பற்றிய சிக்கல் தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதியதன்று. 2009 முதல் சில ஆண்டுகள் கூகுள் நிறுவனம், தன் மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தும் பணியாளர்களைக் கொண்டு, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குக் கொண்டுவந்தது. கட்டுரைகள் நீளமாக இருந்தன; வாக்கியங்களோ தமிழாக இல்லை. வங்காள விக்கிப்பீடியா அவற்றைத் தடுத்துவிட்டது. தமிழ்ப் பயனர்கள் நிறுவனத்தோடு பேசித் தரத்தைச் சீர்செய்ய முயன்றார்கள். 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் தமிழ் விக்கிப்பீடியர்களின் இந்த அனுபவம் முன்வைக்கப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவில் இயங்கும் உரையாடு மென்பொருள்கள் சில நொடிகளில் ஒரு முழுக் கட்டுரையையும், இல்லாத நூல்களுக்கு உண்மைபோல் தோன்றும் மேற்கோள்களையும் சேர்த்தே எழுதித் தருகின்றன. மனிதர் சரிபார்க்காத இத்தகைய பக்கங்களை விவாதம் இல்லாமல் நீக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியா முடிவெடுத்தது. சரிபார்க்க ஒருவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் பக்கத்தை உருவாக்க ஒரு நிமிடம் போதும் என்றாகும்போது, தன்னார்வலர்களின் நேரத்தைக் காக்க வேறு வழியில்லை.

பயனர்களின் முடிவாக இல்லாமல் வெளியிலிருந்து வரும் நீக்கம் அரிது. அதனாலேயே அது செய்தியாகிறது. தன்னைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையின் வாசகங்கள் அவதூறானவை என்று ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கைப் பற்றியே எழுதப்பட்ட தனிப் பக்கத்தையும் எடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட, அக்டோபர் 21 அன்று அறக்கட்டளை அப்பக்கத்தைப் பார்வையிலிருந்து அகற்றியது. 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நீதிமன்ற நடவடிக்கைகளைப் பற்றிய பொது விவாதத்துக்கு இடம் இருக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு வலியுறுத்தியது. சட்டத்தின் பெயரால் நிகழும் இத்தகைய நீக்கத்தில், பயனர்கள் உரையாடுவதற்கென உள்ள பேச்சுப் பக்கத்தில் வாதாடி எதையும் மாற்ற முடியாது. மற்ற எல்லா நீக்கங்களிலும் முடியும்.

முடியும் என்பது புதியவர்களுக்குத் தெரிவதில்லை என்பதே பெருங்குறை. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோரின் எண்ணிக்கை 2007இல் உச்சத்தை அடைந்து பிறகு குறையத் தொடங்கியது. 2013இல் ஆரன் ஹால்ஃபேக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, தரத்தைக் காப்பதற்காக வந்த தானியங்கிக் கருவிகளும் இறுகிப்போன விதிகளும் நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் விரட்டிவிட்டதை இதற்குக் காரணமாகக் காட்டியது. பக்கத்தைக் கெடுக்கும் விசமத் திருத்தங்களைத் தடுப்பதற்கென்று முன்பே எழுதிவைக்கப்பட்ட குறுகிய அறிவிப்பு (வார்ப்புரு), தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய மாணவருக்கும் அப்படியே அனுப்பப்பட்டால் அவர் அதை எப்படிப் படிப்பார்? நீக்கற்காரணத்தில் ‘கலைக்களஞ்சியக் கட்டுரை அன்று’ என்று எழுதுவதற்கும், ‘இவரைப் பற்றி வேறு எவரேனும் எழுதிய நூலோ இதழ்க் கட்டுரையோ இருந்தால் தெரிவியுங்கள், பக்கத்தை மீட்டுத் தருகிறேன்’ என்று பேச்சுப் பக்கத்தில் எழுதுவதற்கும் இடையிலான உழைப்பு ஒரு வாக்கியம்தான். ஒன்றரை இலட்சம் கட்டுரைகளைக் கடந்துவிட்ட, ஆனால் நாள்தோறும் எழுதுவோர் சொற்பமாகவே உள்ள தமிழ் விக்கிப்பீடியாவில் நிருவாகிகளின் சுமையை நான் அறியாதவன் அல்லன். இருந்தும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கிறேன்.

நீக்கப்பட்டதை மீட்பதற்கான வழியும் கடினமானதன்று. நீக்கற்குறிப்பில் எந்த நிருவாகி நீக்கினார் என்பது பதிவாகியிருக்கும். அவருடைய பேச்சுப் பக்கத்திலோ, தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் இடமான ஆலமரத்தடியிலோ கேட்டால், பதிப்புரிமை மீறலும் அவதூறும் தவிர்ந்த மற்றவற்றை எழுதியவருடைய பயனர் பக்கத்தின்கீழ் வரைவாக மீட்டுத் தருவது வழக்கம். அங்கே அவசரமில்லாமல், தொடர்பற்ற இரண்டு வெளியீடுகளையாவது தேடி, பக்க எண்ணோடு சுட்டி, புகழுரைகளை எடுத்துவிட்டு, மீண்டும் பொதுவெளிக்கு நகர்த்தலாம். நீக்கத்தை ஏற்க முடியாதவர் அதைப் பொது உரையாடலுக்கும் கொண்டுசெல்லலாம். அங்கே எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்பதைக் காட்டிலும் எவர் சான்று வைத்தார் என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது நெறி. மீட்கப்பட்ட பக்கம் தன் பழைய வரலாற்றோடு திரும்புகிறது. பின்னர் எத்தனை பேர் அதைத் திருத்தி விரித்தாலும், வரலாற்றின் அடியில் முதல் திருத்தத்தின் அருகே நிற்பது அதைத் தொடங்கியவரின் பெயரே.